பிள்ளை வளர்த்த ஆண்டுகளும் சேமநிதியும்

ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் தொழிற்சாலை வேலைக்குப் போய், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்ட தாய்மார்கள் ஏராளம். சம்பளம் நின்றால் ஊழியர் சேமநிதிச் சந்தாவும் நின்றுவிடும். ஆனால் பழைய கணக்கு அழிவதில்லை. 100 வயது வரை அதற்கு ஆண்டுதோறும் லாப ஈவு உண்டு.

அம்மா, முதலில் அடையாள அட்டையோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போய்க் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்த மாதங்களில் முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தால், சம்பளச் சீட்டைக் காட்டிப் புகார் செய்யலாம்.

வீட்டிலிருந்த ஆண்டுகளை ஈடுகட்டவும் வழியுண்டு. ஐ-சாயாங் திட்டத்தில், கணவர் தமது 11 விழுக்காட்டுச் சந்தாவில் 2 விழுக்காட்டை மனைவியின் கணக்குக்கு மாற்றலாம். 2018இல் வந்த ஐ-சூரி திட்டம், வறிய குடும்பங்களுக்கான இ-காசிஹ் பட்டியலில் உள்ள இல்லத்தரசிகள் போடும் சேமிப்புக்கு அரசின் ஊக்கத்தொகையைச் சேர்க்கிறது. 2022 டிசம்பர் முதல், ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்பும் உண்டு; 55 வயதுக்குள் சேர வேண்டும்.

பிள்ளை வளர்ப்பதும் உழைப்புதான். கணவன்மார்களே, அந்த உழைப்புக்குரிய பங்கை இந்த மாதமே மனைவியின் பெயரில் போடத் தொடங்குங்கள்.