பாட்டில் இருக்கும் ஊர்

(எமது சங்கத்தின் உள்ளூர் வரலாற்று வட்டம் தனது பத்தாவது ஆண்டு நிறைவை இசை மாலையாகக் கொண்டாடியபோது நிகழ்த்தப்பட்ட தொடக்கவுரை)



வரலாற்று வட்டத்தின் ஆண்டு விழாவில் கருத்தரங்கு இருக்கும், புகைப்படக் கண்காட்சி இருக்கும். பாட்டு எதற்கு என்று பலர் கேட்டீர்கள். அதற்கு மறுமொழி சொல்லிவிட்டு மேடையைக் கலைஞர்களிடம் விட்டுவிடுகிறோம்.

இந்த வட்டத்தைத் தொடங்கியபோது நாம் தாள்களைத்தான் தேடினோம். கிடைத்தவை சொற்பம். 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்த கைகளுக்குப் பாட்டுக் கொப்பியை எடுக்க நேரமிருக்கவில்லை. ஆனால், பாட்டு வாயோடு போயிற்று.

எமது இசைக்குப் பெயர் பெற்ற ஒரு வரலாறு உண்டு. இணுவில், அளவெட்டி நாதஸ்வர, தவில் மரபையும், தமிழகம் வியந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியையும் எல்லோரும் அறிவோம். 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு நடுங்கிக்கொண்டு போனவர்கள் எம்மில் பலர். ஆனால், பரீட்சைக்கு வராத பாட்டுகளும் உண்டு. திருவூஞ்சல் அவற்றில் ஒன்று.

கோயில் திருவிழாவில் சுவாமி ஊஞ்சலில் எழுந்தருளும்போது பாடுவது அது. பவளக் கால், வைர விட்டம் என்று ஊஞ்சலை வர்ணிப்பது மரபு. அதோடு ஊரும் உள்ளே வந்துவிடும்: வயல், தோட்டம், குளம், கரை. பெரும்பாலும் உள்ளூர்ப் புலவர் ஒருவர் பாடியிருப்பார். சிறு பிரசுரமாக அச்சாகியிருக்கும். அதை வரலாற்று நூலென்று எவரும் அலுமாரியில் வைப்பதில்லை.

வலிகாமம் வடக்கில் நீண்ட காலம் மூடிக்கிடந்த கோயிலொன்று திறந்தபோது, அதன் ஊஞ்சற் பாட்டு ஒருவரிடமும் இல்லை. கனடாவில் வாழ்ந்த, எண்பது வயதைக் கடந்த எமது மூத்த சகோதரி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். பத்துப் பாடல்களில் ஏழைப் பிசகாமல் பாடினார். மற்ற மூன்றுக்கும், "ராகம் வருகுது பிள்ளையள், சொல்லுத்தான் வருகுதில்லை" என்றார். அவர் பாடிய ஒரு பாடலில் ஒரு குளத்தின் பெயர் இருந்தது. இன்று அந்த இடத்தில் குளமில்லை. அந்தப் பெயரைச் சொல்வாரும் இல்லை. எட்டாவது பாடல் பின்னர் வவுனியாவில் ஒரு வீட்டில் கிடைத்தது. சென்ற ஆண்டு அந்தச் சகோதரி காலமானார். இரண்டு பாடல்கள் இன்னும் கிடைக்கவில்லை.

அதனால்தான் இந்த விழாவில் பாட்டு. இன்று மாணவிகள் அந்த எட்டையும் பாடுவார்கள். மிகுதி இரண்டின் இடத்தில் வயலின் அந்த இராகங்களை மட்டும் வாசிக்கும். சொல் தெரிந்தவர் சபையில் இருந்தால் தயங்காமல் எழுந்து பாடுங்கள்.

எங்கிருந்தாலும் பழைய மாணவிகள் அனைவரிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் அம்மம்மாவோ, அப்பாச்சியோ, பெரியம்மாவோ தாலாட்டோ, கும்மியோ, ஊஞ்சலோ முணுமுணுத்தால் கைத்தொலைபேசியை அருகில் வையுங்கள். எந்த ஊர்ப் பாட்டு, யாரிடம் கேட்டது, எப்போது பாடுவது என்று அவரையே சொல்ல விடுங்கள். சொல்லைத் திருத்த வேண்டாம். பாதியில் நின்றாலும் அந்தப் பாதியை அனுப்புங்கள். மீதி வேறொரு நாட்டில், வேறொரு வீட்டில் இருக்கக்கூடும். இரண்டையும் சேர்ப்பது எமது வட்டத்தின் வேலை.

நல்ல நாள் பார்த்திருக்க வேண்டாம். இந்த வார இறுதியிலேயே கேளுங்கள்.