ஒரு பதிவு, மூன்று மேசை



பாரிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. 1964-ல் தொடங்கிய அந்தப் பேட்டையில், பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அந்தக் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஸ்டோரில் இருப்பவர் வந்த சரக்கைப் பதிவு செய்கிறார். அந்த ஒரே பதிவில் இருப்புக் கணக்கு கூடுகிறது. கொள்முதல் பிரிவுக்குச் சரக்கு வந்தது தெரிகிறது. கணக்குப் பிரிவு பில்லைச் சரிபார்த்துப் பணம் அனுப்புகிறது. நூறை அவர் பத்து என்று பதிந்தால் மூன்று மேசையிலும் தவறுதான்.

இந்தத் தொடர்பு கம்பெனி வாசலோடு நிற்பதில்லை. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தது. 2022 ஜனவரி முதல், விற்றவர் தம் ரிட்டர்னில் பில்லை ஏற்றியிருந்தால்தான் வாங்கியவருக்கு வரிக்கழிவு உண்டு. மாதாமாதம் ரிட்டர்ன் போடுவோருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி. 14-ஆம் தேதி வாங்கியவருக்குப் பட்டியல் வந்துவிடும். அதில் நம் பில் இல்லையென்றால், 18 சதவீத வரியுள்ள ஒரு லட்ச ரூபாய் சரக்குக்கு அவருடைய 18,000 ரூபாய் முடங்கும். அடுத்த ஆர்டர் நமக்கு வருமா?

ஆகவே, கடை, பட்டறை நடத்துவோர் அன்றைய பில்லை அன்றே பதியுங்கள். வணிகவியல் படிக்கும் மகனையும் மகளையும் கணக்கு மென்பொருள் கற்க வையுங்கள். நம் பதிவை நம்பி அடுத்தவர் பணம் நிற்கிறது, அதுவும் அமானிதமே.