பொறுப்பான பிள்ளை



ஆசிரியப் பணியில் இருந்தபோது நான் இழைத்த தவறு ஒன்றைக் கூறித் தொடங்குகிறேன். மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி நாள்தோறும் வகுப்பில் உறங்கிவிடுவாள். "உனக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவள் வாய் திறக்கவில்லை.

பின்னொரு நாள் மாலை அவள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. சம்பளப் பணத்தைத் தந்தை சம்சுவில் கரைத்திருந்தார். தாயோ கோபித்துக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. தம்பியர் இருவருக்கும் சமைத்து, துணி துவைத்து, மளிகைக் கடையில் கடன் கேட்டு நின்றவள் அந்த 15 வயதுப் பெண்தான். நள்ளிரவில் வரும் தந்தைக்குக் கதவு திறக்க விழித்திருப்பாளாம்.

"பொறுப்பான பிள்ளை, ஐயா" என்றனர் அக்கம்பக்கத்தார். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. அவளைப் பாராட்டினோமா, பெற்றோரின் பொறுப்பின்மைக்குத் திரையிட்டோமா?

விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவித் திரும்பும் உடலின் களைப்பை அறியாதவன் அல்லன் நான். நான் குறிப்பிடுவது அதனை அன்று. கணவனும் மனைவியும் வாரக்கணக்கில் முகம் பாராமல், "உன் அப்பனிடம் போய்ச் சொல்" என்று பிள்ளையைத் தூது விடுகிறார்கள். கூட்டுப் பணத்தைச் சூதில் இழந்துவிட்டு, கேட்டு வருபவரிடம் "அப்பா இல்லை" என்று மகனைச் சொல்ல வைக்கிறார்கள். அவன் தீய கூட்டத்தில் சேர்ந்தபின் கோயில் திண்ணையில் அமர்ந்து வருந்திப் பயன் என்ன?

மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, 18 வயது நிரம்பாதோர் சிறாரே. மீசை அரும்பியதாலோ பூப்பெய்தியதாலோ அவர்கள் பெரியவராகிவிடுவதில்லை. அவர்களைக் கவனியாது கைவிடுவது அச்சட்டப்படி குற்றமாகும். சமூகநல இலாகாவுக்கோ, 15999 என்னும் தொலைபேசி எண்ணுக்கோ அறிவிக்கலாம். அவ்வளவு தூரம் போக அஞ்சுவோர், அத்தையோ மாமனோ, அப்பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். வகுப்பாசிரியர் காதிலும் போட்டு வையுங்கள். அன்று எவரேனும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளைக் கடிந்திருக்க மாட்டேன்.

அவ்வாண்டுத் தேர்வுக்கு அப்பெண் வரவில்லை.

இங்குள்ள இளைஞர் எவருக்கேனும் தனியே பேச விருப்பமிருந்தால், கூட்டம் கலைந்தபின் மண்டப வாசலில் நிற்பேன். இருட்டும்வரை நிற்பேன்.