எதிரொலியைச் சேமித்த பெட்டிகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



கவிதை, சிறுகதை, நாடகம் என்று நடந்துவரும் இத்தொடரிலே இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் இரும்புப் பெட்டி. அகலம் பத்தொன்பது அங்குலம். உயரம் ஒன்றே முக்கால் அங்குலம், அல்லது அதன் மடங்கு. ஒலிப்பதிவுக் கலையகங்களில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சட்டத்தில் ஆணி முடுக்கிப் பூட்டி வைத்திருப்பார்கள். முகப்பிலே சில திருகிகள், சில பொத்தான்கள், சிவப்பாக ஒளிரும் இலக்கங்கள். டிஜிட்டல் டிலே என்பது அதன் ஆங்கிலப் பெயர். நாம் இலக்கமுறைத் தாமதக் கருவி எனலாம். உள்ளே போன ஒலியைச் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு வெளியே விடும். அதன் தொழில் அவ்வளவுதான். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தாமதத்தைப் பற்றிய பேச்சு ஆதலால் பதிலும் சற்றுத் தாமதித்தே வரும்.

கோயில் திருவிழாக் காலத்தில் வீதி நெடுக ஒலிபெருக்கி கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வடக்கு வீதியில் நின்று பிரசங்கம் கேட்கிறீர்கள். பக்கத்துக் குழாயிலிருந்து 'முருகா' என்று வரும். அது அடங்குமுன் தொலைவிலுள்ள குழாயிலிருந்து இன்னொரு 'முருகா' வந்து சேரும். மின்சாரம் கம்பியிலே கணப்பொழுதில் ஓடிவிடும். ஒலியோ காற்றிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். 34 மீற்றர் தூரத்துக்குப் பத்திலொரு செக்கன். பெரிய மண்டபங்களிலும் இதே தொல்லைதான். பின்வரிசைக்காரருக்கென்று கட்டிய ஒலிபெருக்கி முந்திக்கொண்டு பேசும்; மேடையில் நிற்பவரின் குரல் பின்னால் தளர்நடையில் வரும்.

இதற்கு மருந்து, பின்வரிசை ஒலிபெருக்கியைக் கொஞ்சம் பொறுக்கச் செய்வதாகும். 1949இலே ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் செய்த ஆய்வு இதற்குத் துணை நின்றது. ஒரே ஒலி முப்பது நாற்பது மில்லிசெக்கன் இடைவெளிக்குள் இருமுறை வந்தால் நமது காது அதை இரண்டாகக் கேட்பதில்லை; எந்தத் திசையிலிருந்து முதலில் வந்ததோ, அங்கேதான் ஒலி பிறந்தது என்று நம்பிவிடும். ஆகவே மேடைக் குரலை முதலில் வரவிட்டு, ஒலிபெருக்கியை ஒரு மூச்சளவு பின்தள்ளினால், கேட்பவர் மேடையிலிருந்தே எல்லாம் வருவதாக உணர்வார். ஆனால் ஒலியை ஒரு மூச்சளவு எங்கே நிறுத்தி வைப்பது?

அதுவரை அதற்கு இருந்த வழி காந்த நாடா. வானொலி நாடகங்களுக்கு ஒலி சேர்த்த நாட்களில் எங்கள் கையிலும் இருந்த வித்தை அதுதான். பதிவு செய்யும் தலை ஒன்று, மீள ஒலிக்கும் தலை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி. நாடா செக்கனுக்கு ஏழரை அங்குலம் ஓடுகிறது என்றால், ஐந்திலொரு செக்கன் கழித்து அதே சொல் திரும்பி வரும். வந்ததை மறுபடியும் பதிவுத் தலைக்கு அனுப்பினால், சொல் மங்கி மங்கி மறையும். புராண நாடகத்தில் அசரீரி பேசவேண்டுமா, இதுதான். ஆவி வரவேண்டுமா, அதற்கும் இதுதான். (நமது வானுலகத்தவர்களும் பேய்களும் ஒரே இயந்திரத்தின் வழியாகவே பேசினார்கள் என்பது சமயவாதிகளுக்கு உவப்பான செய்தியாக இராது.) நாடாவோ தேயும், நீளும், அறும், தலைகளை நாள்தோறும் மதுசாரம் தொட்டுத் துடைக்க வேண்டும். மண்டபத்துக் கூரையிலே நிரந்தரமாகப் பூட்டிவைக்க ஏற்ற பொருள் அல்ல அது.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் பிரான்சிஸ் லீ, இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் பணிக்காக ஓர் இலக்கமுறைத் தாமதக் கருவியை உருவாக்கியிருந்தார். அதே நிறுவகத்தைச் சேர்ந்த பாரி பிளெசர், இதற்குள் இசையைச் செலுத்திப் பார்த்தால் என்ன என்று யோசனை சொன்னார். அதன் விளைவாக 1971இல் லெக்சிக்கன் என்ற நிறுவனத்தின் டெல்ரா ரி-101 வெளிவந்தது. அதன் கொள்ளளவு 100 மில்லிசெக்கன். மண்டபத்துக்குப் போதும். இசைக் கலைஞனுக்கு அது தொட்டுக்கொள்ள மட்டுமே.

ஏன் அவ்வளவு கொஞ்சம் என்று கேட்டால் கணக்குத்தான் பதில். இப்பெட்டிகள் ஒலியலையைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதி வைப்பவை. செக்கனுக்கு 40,000 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 12 இருமக் குறிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செக்கன் ஒலிக்கு 4,80,000 குறிகள் வேண்டும். 1970இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்ற நினைவகச் சில்லிலே கொள்ளக்கூடியவை 1,024 குறிகள் மட்டுமே. ஒரு செக்கனைச் சேமிக்க ஏறத்தாழ 470 சில்லுகள்! எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே சில்லில் 65,536 குறிகள் அடங்கின. எட்டுச் சில்லுகள் போதுமாயின. ஒரு செக்கனுக்கு மேற்பட்ட தாமதம் தரும் பெட்டிகள் சாதாரண இசைக்குழுவின் கைக்கு எட்டியது அந்தக் காலத்தில்தான். கலையின் வரலாற்றை எழுதுவோர் சில்லின் விலையையும் எழுதவேண்டும் என்பது என் கட்சி. கடதாசி விலை இறங்காவிட்டால் தொடர்கதை ஏது?

இடைக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நியூயோர்க்கின் ஈவென்ரைட் நிறுவனம் 1975 அளவில் எச்-910 என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. ஒலியைத் தாமதிப்பதோடு அதன் சுருதியையும் இது ஏற்றி இறக்கும். 1976இல் டேவிட் போவியின் 'லோ' இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவிலே தயாரிப்பாளர் ரொனி விஸ்கொன்ரி இதைப் பக்கமுரசுடன் இணைத்தார். அடி விழுந்தவுடன் முரசின் சுருதி கீழே சரிந்து விழும். அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று முன்கூட்டிக் கேட்கப்பட்டபோது, அது காலத்தின் நெசவையே குழப்பும் என்ற கருத்தில், அச்சிலேற்ற முடியாத ஒரு சொல்லையும் சேர்த்து விஸ்கொன்ரி பதில் சொன்னதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். தட்டு 1977 ஜனவரியில் வெளிவந்தது.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் பேர்ண்லி என்றொரு ஆலை நகரம். அங்கே மார்க் கிராப்ட்ரீ, ஸ்ருவேட் நெவிசன் என்ற இருவர் ஏ.எம்.எஸ். என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 1978இல் நுண்செயலியால் இயங்கும் தாமதப் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். அதை முதன்முதல் முழுமையாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் மான்செஸ்ரரைச் சேர்ந்த தயாரிப்பாளர் மார்ட்டின் ஹனெற். 1979 ஏப்ரலில் ஸ்ரொக்போர்ட் நகரின் ஸ்ரோபெரி கலையகத்தில், ஜோய் டிவிஷன் என்ற இளைஞர் குழுவின் 'அன்னோன் பிளெஷர்ஸ்' தட்டை அவர் ஒலிப்பதிவு செய்தார்.

ஹனெற் செய்தது என்ன? நீண்ட எதிரொலியை அவர் பெரிதாக நாடவில்லை. சில மில்லிசெக்கன்கள், சில பத்து மில்லிசெக்கன்கள் என்ற மிகக் குறுகிய தாமதங்களை முரசொலியின் அருகே வைத்தார். இவ்வளவு குறுகிய இடைவெளியில் காது எதிரொலியைக் கேட்பதில்லை என்று சற்றுமுன் சொன்னேன். ஆனால் அது ஒரு சுவரைக் கேட்கும். முரசுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கேட்கும். இல்லாத ஓர் அறையை, யாரும் குடியிராத ஒரு கட்டடத்தை, ஹனெற் எண்களால் கட்டினார். அந்தச் சுத்தத்துக்காக முரசுகாரர் ஸ்ரீபன் மொறிஸ் தம் வாத்தியத்தின் பகுதிகளைத் தனித்தனியே வாசிக்க வேண்டியதாயிற்று. கூடி வாசித்துப் பழகியவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை மிருதங்கக்காரர் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

குழுவினருக்கு அது பிடிக்கவில்லை. கிற்றார் வாசித்த பேர்னாட் சம்னரும், பேஸ் கிற்றார் வாசித்த பீற்றர் ஹூக்கும் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்கள். மேடையிலே தாங்கள் மூட்டிய நெருப்பு தட்டிலே அணைந்துவிட்டது என்பது அவர்களுடைய முறைப்பாடு. கேட்ட உலகமோ அந்தக் குளிரைத்தான் கொண்டாடியது. பாடகர் இயன் கேர்ட்டிஸ் 1980 மே மாதம் 18ஆம் திகதி, இருபத்து மூன்று வயதில், தற்கொலை செய்துகொண்டார். பின்னால் வந்தவர்கள் அந்தத் தட்டின் வெறுமையான அறையை அவருடைய மனத்தின் அறையாகவே கேட்டார்கள்.

இங்கே ஒரு வழக்கு இருக்கிறது, நேயர்களே. அந்தத் தட்டு யாருடையது? பாட்டைக் கட்டி வாசித்த நால்வருடையதா, பெட்டியின் திருகியைத் திருப்பியவருடையதா? எழுத்துலகில் நமக்கு இது புதிதல்ல. பதிப்பாசிரியர் வெட்டிய வரிகளால் சிறந்த கதை யாருடையது என்று நாமும் சண்டை போட்டிருக்கிறோம். என் தீர்ப்பைக் கேட்டால், ஹனெற் பக்கமே சாய்வேன். குழுவின் கோபம் நியாயமானது. ஆனாலும் இன்றைக்கும் அந்தத் தட்டை நான் தேடிப் போவது அதன் பாட்டுக்காகவும், அதைவிடச் சற்று அதிகமாக அந்த அறைக்காகவும்.

இதற்கு நேரெதிரான உறவு அயர்லாந்தின் யூ-2 குழுவில் நடந்தது. 'எட்ஜ்' என்று அறியப்படும் அவர்களது கிற்றார் கலைஞர், கோர்க் நிறுவனம் 1982இல் வெளியிட்ட எஸ்.டி.டி-3000 பெட்டியைத் தம் வாத்தியத்தின் பாதியாகவே ஆக்கிக்கொண்டார். நுட்பம் எளியது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிசெக்கன். பெட்டியை அதன் முக்காற்பங்கான 375இல் வையுங்கள். தட்டுக்கு இரண்டு சுரமாக வாசியுங்கள். திரும்பி வரும் சுரங்கள் சரியாக நீங்கள் விட்ட இடைவெளிகளில் விழும். கேட்பவருக்குத் தட்டுக்கு நான்கு சுரம் ஓடுவதுபோல் இருக்கும். பாதி மனிதன் வாசிப்பது, பாதி அவனுடைய சற்றுமுந்திய நிமிடம் வாசிப்பது. 1987இல் வந்த 'ஜோஷுவா ட்ரீ' தட்டின் முதற்பாட்டு இந்த வழியிலேயே விரிகிறது. இம்முறையில் வாசிப்பவன் தன் எதிரொலிக்கு அடங்கித் தாளம் போடவேண்டும். ஒரு நூலிழை பிசகினாலும் இரண்டும் மோதிக்கொள்ளும்.

டென்மார்க்கிலே 1985இல் செய்யப்பட்ட ரீ.சீ. 2290 இன்னும் நாகரிகமானது. கலைஞர் வாசிக்கும்வரை எதிரொலியைத் தாழ்த்தி வைத்திருந்து, அவர் ஓய்ந்ததும் உயர்த்திவிடும். கூட்டங்களிலே தலைவர் பேசும்போது தாமும் பேசுகின்ற நம்மவர் சிலருக்கு இப்பெட்டியைச் சிபார்சு செய்யலாம்.

முன்னர் தள்ளிவைத்த கேள்விக்கு இப்போது வரலாம். ஒன்பதாம் நூற்றாண்டிலே காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், 'த்வன்யாலோகம்' என்ற நூலில், சொல்லின் நேர்ப்பொருள் முடிந்தபின் எழும் குறிப்புப் பொருளின் ஒருவகையை மணியோசையின் அனுரணனத்துக்கு ஒப்பிட்டார். மணி அடித்தாயிற்று, நாக்கு ஓய்ந்தாயிற்று, ஓசை இன்னும் இருக்கிறது. நமது அந்தாதியும் ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் வாயில் எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் அந்தாதியிலே திரும்பி வரும் சொல் பழைய சொல்லாக இருப்பதில்லை. புதிய வாக்கியத்தில் நின்று புதிய பொருள் கொள்ளும். பெட்டிகள் விஷயத்திலும் அதுவே நடந்தது. அவற்றைச் செய்த பொறியியலாளர்கள் விரும்பியது மாறாத பிரதி. 12, 13 குறிகளின் பற்றாக்குறையும், உச்ச ஒலிகளை வெட்டும் வடிகட்டிகளும், சத்தத்தை அமுக்கி விரிக்கும் சுற்றுகளும் அதைக் கெடுத்தன. பல பெட்டிகளில் எதிரொலி ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் அளக்கப்பட்டு, மீண்டும் சற்று மங்கியது. தாமத நேரத்தை ஓடும்போதே மாற்றினால், உள்ளேயுள்ள கடிகாரம் வேகம் மாறுவதால் சுருதியும் வளைந்தது. குறை என்று கைநூலில் எழுதப்பட்டவற்றைக் கலைஞர்கள் குணம் என்று வாங்கிப் போனார்கள்.

இன்று கணினியில் எத்தனை நிமிடத் தாமதமும் மாசுமறுவின்றிக் கிடைக்கும். அந்தக் கணினிக்குள்ளேயே எச்-910, ரீ.சீ. 2290 ஆகியவற்றின் குறைகளைக் கணக்கிட்டுப் போலிசெய்யும் மென்பொருட்களையும் விற்கிறார்கள். 2023இலே பொஸ் நிறுவனம் றோலண்ட் எஸ்.டி.ஈ-3000 என்ற 1983ஆம் ஆண்டுப் பெட்டியைக் காலடிக் கருவியாக மீள வெளியிட்டது. இப்போலிகள் நன்றாகவே இருக்கின்றன. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் வேறுபாடு சொல்வது கடினம். எனினும் பழைய பெட்டியில் ஒரு திருகிக்கு ஒரு வேலை. கை தானாக அங்கே போகும். சுட்டியைப் பிடித்துத் திரையிலே திருகியின் படத்தைத் திருப்புபவருக்கு அந்தக் கைப்பழக்கம் வருவதில்லை என்றே நான் கருதுகிறேன்.

பெட்டிகளோ மூப்படைந்துவிட்டன. மின்வழங்கியிலுள்ள மின்பகு கொள்ளளவிகள் உலர்ந்து போகின்றன. அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிறு பற்றரி கசிந்து, சுற்றுப் பலகையின் செப்புக் கோடுகளைத் தின்கிறது. அந்நிறுவனத்துக்கென்றே செய்த சில்லு எரிந்தால் மாற்றுக் கிடையாது. இன்னொரு செத்த பெட்டியிலிருந்து பிடுங்க வேண்டும். நமது கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று இவற்றையெல்லாம் விரைவுபடுத்தும். வெளிநாட்டு உறவினர் மூலம் இப்படியொன்றைத் தருவிக்க எண்ணும் இளைஞர்கள் பின்பக்கத் தகட்டை முதலில் வாசிக்கவும். அமெரிக்காவுக்கென்று செய்தவை 120 வோல்ற்றிலும் யப்பானுக்கென்று செய்தவை 100 வோல்ற்றிலும் இயங்குபவை. நமது 230 வோல்ற்றில் நேரே சொருகினால் அதுவே அதன் கடைசி ஒலியாகிவிடும். நீண்டகாலம் உறங்கிய பெட்டியானால், சொருகுமுன் மூடியைத் திறந்து பற்றரியின் நிலையைப் பார்த்துவிடுவதும் நல்லது.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார்.