ஓர் அடி முன்னால் போனவர்

  

நான் மறுவாழ்வு மருத்துவர். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், கைகால் இழந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இவர்களோடுதான் 36 வருடங்களாக என் பொழுது போயிருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து நடந்து கிளம்பியவர் சாயங்காலம் ஸ்ட்ரெச்சரில் வந்து சேருவார். பட்டமளிப்பு விழாவில் வெற்றியைப் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்குத் தெரிந்தது வேறு. வாழ்க்கை தலைகீழாகப் புரளும் நாளில் யாரிடம் போய் வழி கேட்பது? அதை மட்டும் இன்று சொல்ல வந்தேன்.

அப்படிப்பட்ட நாள் எங்கோ யாருக்கோ வருவது என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். 4,43,366 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் ஒரு நாள் செய்தியில் இருக்கிறார்கள். காயமடைந்தவர்களில் பலர் மறுநாள் காலையில் கண் விழித்து, வேறொரு வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. இது விபத்து மட்டும். வேலை போவது, ஊர் மாறுவது, வீட்டில் ஒரு சாவு விழுவது, கல்யாணம் முறிவது, இவற்றையெல்லாம் கூட்டினால் இந்தப் பந்தலில் யாருமே மிஞ்சமாட்டோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், பனையேறி ஒருவர் எங்கள் வார்டுக்கு வந்தார். வயது 24. பதனீர் இறக்க ஏறியவர் பிடி நழுவி விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மூன்று வாரம் அவர் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். அவருடைய அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்.

நான் புதிதாகப் படித்துவிட்டு வந்தவள். ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மன உறுதி, தன்னம்பிக்கை என்று தினமும் அவருக்குச் சொல்வேன். மனதாரச் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அன்று அவர் தானாகத் திருப்பியது முகம் ஒன்றைத்தான்.

ஒரு வியாழக்கிழமை, பழைய நோயாளி ஒருவர் பரிசோதனைக்கு வந்திருந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர். வைக்கோல் லோடு லாரியின் மேலிருந்து விழுந்து, ஆறு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருந்தார். வார்டு வழியாகப் போனவர் இந்தப் பையனின் கட்டிலோரம் நின்றார். பேர் கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு உன்னைய யாரு திருப்பிப் போடுறா?"

மூன்று வாரமாகத் திறக்காத வாய் திறந்தது. "எங்கம்மாண்ணே."

"அலாரம் வச்சுக்கிட்டா?"

"இல்லண்ணே. அதுவா முழிச்சுக்கிரும்."

அவர் தரையில் இருந்த பாயைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மரம் ஏறுன கைதானப்பா இது? கட்டில் கம்பியப் புடிச்சு நீயே புரளலாம். நான் காட்டித் தாரேன். ஆத்தா ஒரு ராத்திரியாச்சும் தூங்கட்டும்."

முதுகுத்தண்டில் இப்படி அடிபட்டவருக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே தோலில் வலி தெரியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப்புண் வரும். அந்தப் புண் எலும்புவரை இறங்கும். சீழ் பிடித்து உயிரையே எடுத்துவிடும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம். இது எனக்குப் பாடமாகத் தெரியும். அந்தப் பனையேறியின் கைகளை நான் தினமும் சோதித்து, பலம் முழுமையாக இருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பையனைத் தின்றுகொண்டிருந்தது, அம்மாவின் தூக்கத்தைத் தான் பறிக்கிறோமே என்ற நினைப்பு. அது அந்த ராத்திரிகளைத் தானும் கடந்து வந்த ஒருவருக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பனையேறி தானாகப் புரண்டார். மறுநாள் சாப்பிட்டார். நாலு மாதத்தில் கட்டிலிலிருந்து நாற்காலிக்குக் கை ஊன்றித் தாவக் கற்றுக்கொண்டார். ஊருக்குப் போய், பனங்காட்டை ஒட்டிய சாலையோரத்தில் நுங்கும் பதனீரும் விற்கும் கடை போட்டார். அதற்குப் பிறகு பல வருடங்கள், பரிசோதனைக்கு வரும் வியாழக்கிழமைகளில் புதிதாக அடிபட்டு வந்தவர்களின் கட்டிலோரம் போய் நிற்பார். அவர் கேட்கும் முதல் கேள்வியும் அதேதான்: ராத்திரி உன்னைய யாரு திருப்பிப் போடுறா?

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. ஊக்கம் வந்தால் வழி தெரியும் என்று நினைத்து நான் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு முதலில் கிடைத்தது வழி. இன்று ராத்திரியே செய்து பார்க்கக்கூடிய ஒரு சின்ன வழி. ஊக்கம் அதன் பின்னால் வந்தது. அந்த வழியைக் காட்டியவர் மகான் அல்லர். அதே பாதையில் ஓர் அடி முன்னால் போனவர், அவ்வளவுதான். முன்னாள் நோயாளிகளைக் கொண்டே புதியவர்களுக்கு வழிகாட்டும் இந்த முறையை இன்று எங்கள் துறையில் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறோம்.

முன்னால் போனவர் யாருமே இல்லையென்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு வேலூரில் ஒரு பதில் இருக்கிறது. கேரளத்தின் செறாயியில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டார். 1954 ஜனவரியில், சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்து அவருடைய முதுகுத்தண்டு முறிந்தது. அப்போது அவருக்கு 28 வயது. மருத்துவருக்கே அப்படி நேர்ந்தால் எங்கே போவது என்று காட்ட அன்று அவருக்குப் பக்கத்தில் யாருமில்லை.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தார். மேரிக்குக் கால்கள் போய்விட்டன என்று எல்லோரும் பார்த்தபோது, கைகள் இருக்கின்றன என்று அவர் பார்த்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சையில் மேரியைச் சேர்த்துக்கொண்டார். பிறகு மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், யார் துணையும் இல்லாமல் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகினார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். முன்னால் போனவர் உள்ளூரில் இல்லாததால், கடல் தாண்டிப் போய்த் தேடினார். திரும்பி வந்து 1963இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966இல் அங்கே தனி மறுவாழ்வு நிலையமே எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னால் வருகிறவர்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை. நான் இந்தத் துறையில் நிற்கிறேன் என்றால் அவர் போட்ட பாதையில்தான் நிற்கிறேன்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியிலும் இப்படி ஒரு கதை உண்டு. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதற்கு, தனக்குச் சிகிச்சை தந்து நம்பிக்கையூட்டிய விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். அதுதான் அமர் சேவா சங்கம். வழி காட்டியவரின் பெயரே அங்கே ஒரு நிறுவனமாக நிற்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1978இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேரையும், விபத்தில் செயலிழந்த 29 பேரையும், சாதாரண மனிதர்கள் சிலரையும் கேட்டார்கள்: இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்? காலப்போக்கில் எல்லோரும் ஒரே அளவு சந்தோஷத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்று மேடைகளில் இந்த ஆய்வைக் காட்டிச் சொல்வார்கள். அது சரியல்ல. ஐந்துக்கு, லாட்டரிக்காரர்கள் 4.00, சாதாரணமானவர்கள் 3.82, விபத்துக்குள்ளானவர்கள் 2.96. துக்கம் நிஜம். அதனால், அடிபட்டவரிடம் போய் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். ஆனால் 2.96 பாதிக்கு மேலே என்பதையும் மறக்காதீர்கள். அந்தப் பாதிக்கு மேலே உள்ள இடத்தில்தான் ஒரு நுங்குக் கடை நடக்கிறது, ஒரு கல்லூரித் துறை எழும்புகிறது.

உங்கள் வயதில் நானும் ஒரு மாற்றத்தைச் சந்தித்தேன். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு வந்தேன். உடற்கூற்றியல் வகுப்பில் முதல் இரண்டு மாதம் ஒரு வாக்கியம்கூட விளங்கவில்லை. விடுதி மொட்டை மாடியில், துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் நின்று அழுவேன். பெட்டியைக் கட்டிவிட்டேன். ஒரு வருடம் மூத்த அக்கா ஒருவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஓரத்தில் தமிழில் பொருள் எழுதியிருந்தது. "மொத இருபது பக்கத்த மட்டும் இந்த வாரம் படி" என்றார். பெட்டியை அவிழ்த்தேன்.

இதெல்லாம் இளம் வயதோடு முடிவதில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் என் கணவர் காலமானார். ஆயிரம் பேருக்கு வழி சொன்னவள் நான். எனக்கு என் வீட்டுக் கதவைப் பூட்டவும் தெரியவில்லை. படித்தவர்கள், பெரியவர்கள் பலர் வந்து நல்ல வார்த்தை சொன்னார்கள். எங்கள் வார்டு ஆயாம்மா ஒருவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "டாக்டரம்மா, அய்யாவோட சட்டையெல்லாம் எடுத்துக் குடுத்துருங்கன்னு சொல்லுவாங்க. இப்பக் குடுக்காதீங்க. அடுத்த வருசம் குடுக்கலாம். பேங்கு காகிதத்த மட்டும் இந்த மாசமே பாத்துருங்க" என்றார். அந்த இரண்டு யோசனைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தைக் கடந்தேன்.

பிள்ளைகளே, நாளை உங்களில் சிலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறுவீர்கள். சிலருக்கு வேலை உடனே கிடைக்காது. சிலர் வேறு ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போவீர்கள். தரை நழுவுவதுபோல் இருக்கும் நாளில் போனில் ஊக்க உரைகளைத் தேடி ராத்திரி முழுக்கக் கேட்காதீர்கள். அதே பாதையில் ஒரு வருடம் முன்னால் போனவரைத் தேடுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். எப்படித் தாங்கினீர்கள் என்று பொதுவாகக் கேட்காமல், முதல் வாரம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மனசு மிகவும் பாரமாகி, பக்கத்தில் யாருமில்லை என்றால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்; அரசு 2022இல் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். அதுவும் வழி கேட்பதுதான்.

இன்னொன்று. இன்று இந்தக் கல்லூரியில் முதல் வருடம் படிப்பவர்களுக்கு, நீங்கள் ஓர் அடி முன்னால் போனவர்கள். உங்கள் தெருவில் கல்லூரிக்குப் போக நினைக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். திரும்பிப் பாருங்கள்.

அந்த அக்காவின் நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அதில் இரண்டு கையெழுத்து இருந்தது. பழைய பக்கங்களில் மங்கிப்போன நீல மையில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அக்காவுக்கும் அது முன்னால் போன ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. மூன்றாவது கையெழுத்தாக நானும் சில பக்கம் எழுதினேன். அடுத்த வருடம், அதே மொட்டை மாடியில் அதே கொடிக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். இப்போது அது யாரிடம் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. என்னிடம் இல்லை என்பதில் எனக்கு நிறைவு.