இனச் சமநீதியும் மலையக மக்களும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இனங்களுக்கிடையே சமநீதி என்பது யாது? எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று நாம் எளிதாக விடை கூறிவிடுகின்றோம். அது பாதி விடையே. ஒரு மக்கட் கூட்டத்துக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டவற்றை ஈடுசெய்து, மற்றையோர் நிற்கும் படியிலே அவர்களையும் நிற்கச் செய்வதே மீதிப் பாதி. இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை; நமது மலைநாடே போதும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்து, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடு வெட்டியவர்களின் சந்ததியார், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்த தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர். அதனை எதிர்த்துக் கட்சியை விட்டகன்ற செல்வநாயகம் போன்றோரும் இருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, மிகுதியைப் பின்னர் பார்ப்போம் என வைத்தது. அம்மக்களின் விருப்பத்தைக் கேட்டு அக்கணக்குப் போடப்படவில்லை.

எனினும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. நடேசையர் தொழிற்சங்கம் அமைத்த காலத்தில், அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டாலே தொழிலாளரைத் திரட்டினார். 1952இல் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. 1984இல் வேலைநிறுத்தத்தின் பின் பெண்களுக்கு ஆண்களோடு சமமான நாட்சம்பளம் கிட்டிற்று. 1986ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய இயக்கத்தில், வேலையை நிறுத்திப் பிரார்த்தனையில் அமர்ந்தனர், வழிபாடே ஆயுதமாயிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தந்தன.

சட்டத்தில் சமன் வந்தது. சமநீதி வந்துவிட்டதா? லயன் அறைகளிலே இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணிலே வீட்டுக் காணிக்கு உறுதி இல்லாதோர் பலர். யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் நம் பாட்டன்மார் காலத்திலேயே பலருக்குக் கதவைத் திறந்தன. தோட்டப் பாடசாலைகளையோ அரசாங்கம் 1970களிலேதான் பொறுப்பேற்றது. இரு மாணவர் கையிலும் ஒரே பரீட்சைத் தாளைக் கொடுப்பது சமன். இருவருக்கும் பரீட்சைக்கு முன்னரே விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிட்டச் செய்வது சமநீதி.

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்த 200 ஆண்டுகளின் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பாதயாத்திரை நிகழ்ந்தது. பிற சமூகத்தாரும் அதிலே உடன் நடந்தனர். துன்புற்றோர் எழுந்து நடக்க, அயலார் துணை சேர்வதே சமநீதிக்கு வழி.

நாம் செய்யக்கூடியவை மூன்று. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லை முதலில் நம் வீட்டு முற்றத்திலிருந்தே அகற்றுவோம். விடுமுறை நாட்களில் நம் சங்கத்து வாலிபர் தோட்டப் பாடசாலையொன்றிலே கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கட்டும். சட்டமறிந்த பெரியோர், காணியுறுதிக்கும் பிறப்புப் பதிவுக்கும் அலைவோருக்கு விண்ணப்பம் எழுதி உதவட்டும்.

ஒரே சந்நிதியிலே பக்கம்பக்கமாக நின்று கைகூப்புகின்றோம். கோயில் வாசலைத் தாண்டிய பின்னரும் பக்கத்தில் நிற்பவரை நம்மவரென்று எண்ணுவோமாக.