சுவர் யாருடையது, நிலம் யாருடையது?

(எண்ணூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நகர அமைப்பைப் பற்றியும், பொது இடங்களில் வைக்கப்படும் கலையைப் பற்றியும், ஊரின் பொதுவாழ்வைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். "சோற்றுப் பானையில் சாம்பல் விழுகிற ஊரில் சித்திரத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாம்பல் ஏன் நம் பானையில் மட்டும் விழுகிறது என்று இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அங்கேதான் நகர அமைப்பு என்ற விஷயம் ஆரம்பமாகிறது.

நகரத் திட்டம் என்றால் என்ன? எதை எங்கே வைப்பது, யாரை எங்கே குடிவைப்பது என்று தீர்மானிப்பதுதான் திட்டம். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் வந்தது, 2017-ல் மூடப்பட்டது. 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001-ல் எண்ணூர் துறைமுகமும் வந்தன. இவை நாட்டுக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மின்சாரமும் எண்ணெயும் கப்பலும் நம் உழைப்பால்தான் நடக்கின்றன. ஆனால் மின்சாரம் நகரம் முழுவதற்கும் போகிறது. சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றுக்கும் நம் நுரையீரலுக்கும் வருகிறதே, இந்தப் பங்கீட்டைச் செய்தவர் யார்? அவர் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

தோழர்களே, ஓவியர்களில் எல்லாம் பெரிய ஓவியர் வரைபடம் வரைகிற அதிகாரியே. 1996-ல் மத்திய அரசாங்கம் ஒப்புதல் அளித்த கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது. அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது என்ற காப்பும் இருந்தது. பிறகு அதிகாரிகள் கையில் புழங்கிய வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம்! தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் கேட்டு வாங்கி, 2017-ல் மீனவர்களும் சுற்றுச்சூழல் ஊழியர்களும் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இறால் பிடித்துப் பிழைக்கிறவனின் கண்முன்னே ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் ஆறு இல்லை. காகிதத்தில் இல்லாத ஆற்றில் சாம்பலைக் கொட்டலாம், மண்ணைப் போட்டு மேடாக்கலாம். கேட்பார் யார்?

பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரிப் புறம்போக்கும் மேய்ச்சல் புறம்போக்கும் எப்படிக் காணாமல் போகின்றன என்பதை அவர்கள் அறிவார்கள். புறம்போக்கு என்றால் என்ன பொருள்? தனியார் பட்டாவுக்கும் வரி விதிப்புக்கும் வெளியே, பொதுக் காரியத்துக்காக விட்டுவைத்த நிலம். அந்த நல்ல சொல்லை இன்று வசவுச் சொல்லாக்கிவிட்டார்கள். பொதுச் சொத்தைப் பழித்துச் சொல்லப் பழகிவிட்டால், அதைப் பறிப்பது சுலபமாகிவிடுகிறது அல்லவா? 2017 சனவரியில் பாடகர் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்திலேயே நின்று, இந்தப் புறம்போக்கு என்ற சொல்லை வைத்தே ஒரு பாட்டுப் பாடினார். கபேர் வாசுகி அதை எழுதினார். சபா மேடையில் ஒலிக்கும் இசை நம் சாம்பல் மேட்டுக்கு வந்தது. அது நல்ல காரியம். கலை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இப்போது கொஞ்சம் வெளியூர் போய் வருவோம். அமெரிக்க நகரங்களைப் பற்றிப் பத்திரிகைகள் வானளாவிய கட்டடங்களைத்தான் காட்டுகின்றன. அந்தக் கட்டடத்துச் சுவர்களுக்கும் ஒரு கதை உண்டு. மெக்சிகோ நாட்டு ஓவியர் டியேகோ ரிவேரா ஒரு கம்யூனிஸ்ட். அவர் 1932-33-ல் டெட்ராய்ட் நகரக் கலைக்கூடத்தின் சுவர்களில் போர்டு மோட்டார் ஆலைத் தொழிலாளர்களைப் பிரம்மாண்டமாகத் தீட்டினார். அவை இன்றும் இருக்கின்றன. பிறகு நியூயார்க்கில் ராக்பெல்லர் குடும்பத்தின் கட்டடத்தில் ஒரு சுவரைத் தீட்ட அழைத்தார்கள். அதில் அவர் லெனின் முகத்தை வரைந்தார். "அந்த முகத்தை எடுத்துவிடு" என்றார்கள். அவர் மறுத்தார். பேசிய கூலியைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். 1934 பிப்ரவரியில் படத்தை உடைத்தெறிந்தார்கள். அதே சித்திரத்தை அவர் மெக்சிகோ நகரில் மறுபடியும் தீட்டினார். இதிலிருந்து நாம் கற்பது என்ன? ஓவியன் எவ்வளவு பெரியவனானாலும், சுவர் கோடீசுவரனுடையது என்றால் படத்தின் ஆயுளும் அவன் கையில்தான்.

அதே அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. சான் டியேகோ என்ற துறைமுக நகரில் பேரியோ லோகன் என்று ஒரு பகுதி இருக்கிறது. மெக்சிகோ வழிவந்த உழைப்பாளி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். நம் எண்ணூருக்கு உடன்பிறப்பு என்று சொல்லலாம். கடற்படையும் கப்பல் கட்டும் தளங்களும் அவர்களைக் கடற்கரையிலிருந்து பிரித்தன. 1950களில் சர்க்கார் வீடுகளுக்கு நடுவே தொழிற்கூடங்களை அனுமதித்தது; பழைய கார்களை உடைக்கிற கிடங்குகள் வாசலுக்கே வந்தன. 1963-ல் ஒரு பெருஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்தது. 1969-ல் ஒரு பெரிய பாலம் அவர்கள் தலைக்கு மேலே எழுந்தது. "பாலத்தின் அடியில் எங்களுக்கு ஒரு பூங்காவாவது விடுங்கள்" என்று கேட்டிருந்தார்கள்.

1970 ஏப்ரல் 22-ந் தேதி அந்த இடத்தில் மண்வாரி இயந்திரங்கள் வந்து நின்றன. எதற்கு? பூங்காவுக்கு அல்ல, நெடுஞ்சாலைப் போலீசுக்கு நிலையம் கட்ட! செய்தி வீடுவீடாகப் பரவியது. மாணவர்கள் வகுப்பை விட்டு வந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இயந்திரங்களைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். மண்வெட்டி எடுத்து வந்து தாங்களே செடி நட்டார்கள். பன்னிரண்டு நாள் நிலத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் சர்க்கார் பணிந்தது, நிலம் பூங்காவாயிற்று. அதற்குப் பெயர் சிக்கானோ பூங்கா.

சித்திரம் எப்போது வந்தது தெரியுமா? 1973-ல்தான். நிலத்தை வென்று மூன்று ஆண்டுகள் கழித்து! தங்கள் ஊரைப் பிளந்த அதே பாலத்தின் காங்கிரீட் தூண்களில் தங்கள் சரித்திரத்தையும், விவசாயத் தொழிலாளர் போராட்டத்தையும் தீட்டினார்கள். ஓவியர்களோடு அக்கம்பக்கத்தாரும் தூரிகை பிடித்தார்கள். 2016-ல் அமெரிக்க அரசாங்கமே அதைத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று ஒப்புக்கொண்டது. முதலில் நிலம், அப்புறம் சித்திரம். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சென்னையில் இந்த வரிசை எப்படி இருக்கிறது? நகரத்தின் ஆற்றங்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்த மக்களை 2000-ஆம் ஆண்டு முதல் தெற்கே கண்ணகி நகரில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை ஓரிடம், பள்ளிக்கூடம் ஓரிடம், வீடு ஓரிடம் என்று அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2020-ல் அந்த அடுக்கு வீடுகளின் சுவர்களில் பெரிய பெரிய படங்களைத் தீட்டினார்கள். படங்கள் அழகானவை. தீட்டிய கலைஞர்களை நாம் குறை சொல்லவில்லை. தங்கள் தெருவைப் பார்க்க வெளியூரார் வருவதில் குழந்தைகளுக்குச் சந்தோஷம் இருக்கும். அந்தச் சந்தோஷத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். சுவரில் என்ன நிறம் என்பதைவிட, "எங்களை எங்கே குடிவைக்கப் போகிறீர்கள்?" என்ற கேள்வியில் அந்த மக்களுக்குக் குரல் இருந்ததா? 2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டில் பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வென்றபோது, அந்த அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஊரெல்லாம் கொண்டாடியது. அந்தப் பெருமை வண்ணத்தால் வந்ததல்ல. மண்ணில் விழுந்து எழுந்து ஆடியதால் வந்தது. விளையாட ஓர் இடம் கிடைத்தால் நம் பிள்ளைகள் எதைத்தான் சாதிக்க மாட்டார்கள்!

வடசென்னைக்குக் கலை புதிதல்ல, தோழர்களே. குத்துச்சண்டைப் பரம்பரைகளும், கானாப் பாட்டும், கால்பந்தும், கேரம் பலகையும் இந்த மண்ணில் வளர்ந்தவை. படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகை வாசிக்கப் பத்துப் பேர் கேட்டு அரசியல் கற்ற ஊர் இது. சிங்காரவேலர் 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்த நகரத்தின் கடற்கரையில்தான். 1959-ல் அதே கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை எழுந்தது. பாறையை நெம்பும் அந்த நால்வர் எந்த மன்னரின் வாரிசும் அல்ல. அவர்கள் நாம்தான். மெரினாவுக்குப் போகிறவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பாறையை இன்றும் நெம்பிக்கொண்டிருக்கிற எண்ணூரில், உழைப்பாளியின் நினைவுக்கு என்ன இருக்கிறது?

2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூரில் புதிய அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் பாஷை தெரியாதவர்கள். ஆனால் நம் வர்க்கத்தார். சவப்பெட்டிகள் ஊருக்குப் போயின. அவர்கள் எழுப்பிக்கொண்டிருந்த சுவரில் அவர்கள் பெயர் இருக்குமா? பொதுக் கலை என்று பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எண்ணூரின் உண்மையான நகர மண்டபம் எது என்று கேட்டால், நாம் ஒரு பந்தலைக் காட்டுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளினார்கள். அது ஆறுவதற்குள், 26-ந் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கத்தில் அம்மோனியா கசிந்தது. உறங்கிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். மறுநாள் அவர்கள் பயந்து ஒளிந்துகொள்ளவில்லை. ஊரின் நடுவே உட்கார்ந்தார்கள். வாரக்கணக்கில் பந்தலின் கீழ் பெண்கள் பேசினார்கள், வாதாடினார்கள், முடிவெடுத்தார்கள். ஊர்ப் பொதுவாழ்வு என்றால் அதுதான். எந்த நகர அமைப்பு நிபுணரும் அதை வரைந்து கொடுக்கவில்லை.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2023-ல் ஆயிரம் கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் 4,181 கோடி என்று தொடங்கினார்கள். நல்லது, வரட்டும். பல்லாண்டு பாக்கியில் ஒரு தவணை என்று வாங்கிக்கொள்வோம். ஆனால் பணம் எதற்கு, எந்த இடத்துக்கு என்று சொல்லும் உரிமை நமக்கு வேண்டும். 2008-ல் வந்த சென்னைப் பெருந்திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்த திட்டம் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஊரைக் கட்டிப்போடும். அது காகிதத்தில் எழுதப்படும்போதே நாம் பேச வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு பேசி என்ன பயன்?

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: கழிமுகமும் ஆற்றுப் படுகையும் முழுமையாக வரைபடத்தில் ஏற வேண்டும், ஒரு சென்ட் நிலமும் இனிப் பறிபோகலாகாது. இரண்டு: திட்டத்தின் வரைபடம் தமிழில், நம் கண்ணுக்கு விளங்கும்படி, ஒவ்வொரு குப்பத்திலும் தெருமுனையிலும் வைக்கப்பட வேண்டும். மூன்று: குடியிருப்புதோறும் ஒரு மைதானம், ஒரு படிப்பகம், கூடிப் பேச ஓர் இடம். நான்கு: வேலையில் உயிர்விட்ட தொழிலாளர்களுக்கு எண்ணூரில் ஒரு நினைவுச் சின்னம், அதில் அந்த 9 பேரின் பெயரும் தமிழிலும் அவர்கள் மொழியிலும் பொறிக்கப்பட வேண்டும்.

இதை எங்கே வைப்பது? கிராமத்தில் மே தினத்தன்றே கிராம சபை கூடுகிறது. விவசாயத் தொழிலாளத் தோழர்களே, ஆற்றின் மேல்பக்கம் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் சபையில் இதைத் தீர்மானமாக்குங்கள். நகரத்தில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. அவற்றைத் தவறாமல் கூட்டச் சொல்லி, ஆலைத் தோழர்களே, ஷிப்டு முடிந்த களைப்போடேனும் போய் உட்காருங்கள். வீட்டுப் பெண்களை அழைத்துப் போங்கள். அந்தப் பந்தலில் பேசிப் பழகியவர்கள் அவர்கள்தான்.

நிலத்தை வெல்வோம். அதன் பிறகு சுவரில் எதைத் தீட்டுவது என்பதை நம் பிள்ளைகள் சொல்லட்டும். தூரிகையை அவர்கள் கையில் கொடுப்போம்.